பிளஸ் ஒன் தரவரிசைப் பட்டியலைக் காட்ட மறுக்கிறார்கள், என்ன செய்யலாம்?

என் மகள் பத்தாம் வகுப்பில் 500-க்கு 441. எம்பிசி. வடசென்னையில் எல்லோரும் அடித்துப் பிடித்துச் சேர்க்கும் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் உயிரியல்-கணிதப் பிரிவு கேட்டோம், இடமில்லை என்றார்கள். 428 எடுத்த தோழிக்கு, அவளும் எம்பிசிதான், கிடைத்திருக்கிறது. அந்தப் பிள்ளை மேல் குறையில்லை, நன்றாகப் படிக்கட்டும். ஆனால் 69 சதவீத இடஒதுக்கீட்டில் எம்பிசிக்கு 20 இருக்கிறதே, அது எந்த வரிசையில் நிரம்பியது? அறிவிப்புப் பலகையில் பட்டியலே இல்லை.

தலைமையாசிரியரை இரண்டு முறை பார்த்தேன். "காமர்ஸ் எடுங்களேன்" என்கிறார். பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417-க்குப் பேசியாயிற்று. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்து ஒன்பது நாள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாள் வரை ஆகலாம், அதற்குள் பாடம் எங்கேயோ போய்விடும்.

பட்டியலை உடனே வெளியிட வைக்க அடுத்து யாரிடம் போக வேண்டும்?