யாழ்ப்பாணத்துக்கு விடுமுறைக்கு வந்த ஐஸ் ஹொக்கிப் பிள்ளையள்: கண்டதை எழுதுங்கோ

கொக்குவிலான்:

போன ஆடி மாசம். கனடா மார்க்கத்திலயிருந்து (Markham) வந்த பிள்ளை, பதினாறு வயது, டிஃபென்ஸ். விறாந்தையில சப்பாணி கட்டி இருந்து ஸ்ரிக்குக்கு ரேப் சுத்திறாள். குதிப் பக்கத்திலயிருந்து நுனிக்கு, ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்தில அரைவாசியை மூடிக்கொண்டு. சாய்மனைக் கதிரையிலயிருந்து பெரியப்பா கேட்டார்: "பிள்ளை, உதில எவ்வளவு உழைப்பாய்?"

"முப்பத்தஞ்சாயிரம், பெரியப்பா."

"மாசத்துக்கோ?"

"வருசத்துக்கு."

அவர் ஸ்ரிக்கை வாங்கி, பாரம் பாத்துட்டு, "இது என்ன விலை?" எண்டார். அவள் பதில் சொல்லாமல் ரேப்பைக் கத்தரிச்சாள்.

பிள்ளை சொன்னது பிழையில்லை, அரைவாசி. பெண்களின்ர தொழில்முறை ஹொக்கி லீக், பி.டபிள்யூ.எச்.எல்., 2024இல தொடங்கேக்க ஆகக்குறைஞ்ச சம்பளம் 35,000 அமெரிக்க டொலர். ஒரு ரீமில 23 பேர், சராசரி 55,000. ஆறு பேருக்காவது 80,000க்குக் குறையக்கூடாது எண்டு ஒப்பந்தத்திலயே இருக்கு. வருசம் 3 வீதம் ஏறும். அதைச் சொல்லியிருந்தாலும் பெரியப்பா திருப்திப்பட்டிருப்பாரோ தெரியாது.

அரியாலை அக்கா:

பெரியப்பாவுக்கு 35 குறைவு. முந்தி விளையாடின ஆக்களிட்டைக் கேட்டுப் பாக்கச் சொல்லுங்கோ.

அந்தியேட்டிக்கு வந்த ஒரு பிள்ளை, இப்ப நாப்பதை எட்டியிருப்பா, பழைய கனடா லீக்கில விளையாடினவ. தேங்காய் துருவ இருந்தா, வலது கை பெருவிரல் மடங்கேல்லை. இரண்டு தரம் முறிஞ்சதாம். "லீவு தரமாட்டினம், கட்டோட வேலைக்குப் போனனான்" எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னா. அந்தச் சிரிப்புத்தான் இன்னும் மனசில நிக்குது.

அந்தக் கனடாப் பெண்கள் லீக், சி.டபிள்யூ.எச்.எல்., 2007இல தொடங்கினது. பத்து வருசம் சம்பளமே இல்லை. 2017இல தான் ஆளுக்கு 2,000 தொடக்கம் 10,000 டொலர் வரை குடுக்கத் தொடங்கினவை. 2019 மே மாசம் கதவைச் சாத்தியாச்சு. அதுக்கும் முந்தி கனடாவுக்கு விளையாடின அஞ்செலா ஜேம்ஸ். ரொறன்ரோ ஃபிளெமிங்டன் பார்க்கில வளந்தவ. 1990இல ஒட்டாவாவில முதல் உலகக் கிண்ணம், அஞ்சு ஆட்டத்தில 11 கோல். பெண்களின்ர ஹொக்கி ஒலிம்பிக்குக்கு வந்த 1998 நகானோவுக்கு அவவை எடுக்கேல்லை. 2010இல ஹொக்கி ஹோல் ஒஃப் ஃபேமுக்கு (புகழ் மண்டபத்துக்கு) எடுத்தவை. சோறு போட்டது செனக்கா கொலிஜ் வேலை. ஆனபடியால் 35,000 எண்டது குறைச்சலோ கூடவோ எண்டதைப் பத்து வருசத்துக்கு முந்தின கணக்கோட வைச்சுத்தான் கதைக்கவேணும்.

பட்டறையடி:

உந்தச் சம்பளக் கதையை விடுங்கோ. திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டில நடந்தது, கேளுங்கோ.

புது ஸ்கேட். காலுக்குப் பழக்கவேணும் எண்டு கையோட கொண்டுவந்து, கவர் போட்டபடி வீட்டுக்குள்ள ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் போட்டு நடந்திருக்கிறாள். கவர் ரப்பர் கவர். பத்தாம் நாள் கழட்டினால் அடி முழுக்கச் செம்மஞ்சள் துரு. அவள் கிணத்தடிக்குப் போன நேரம் பாத்து சைக்கிளில சாணைக்காரர் வந்திட்டார். அம்மம்மா அரிவாளோட, தேங்காய்த் துருவலையோட, ஸ்கேட்டையும் குடுத்திட்டா. மனுசன் நேர்மையான ஆள். "எந்தப் பக்கம் கூர், ஆச்சி?" எண்டு கேட்டுத்தான் பிடிச்சவர். பிள்ளை தலை துவட்டிக்கொண்டு வந்து, பெருவிரல் நகத்தை விளிம்பில குறுக்கால இழுத்துப் பாத்தாள். உள்விளிம்பில நகம் சீவுப்படுது, வெளிவிளிம்பில வழுக்குது. அப்படியே படியில இருந்திட்டாள்.

ஏன் எண்டு தெரியாத ஆக்களுக்கு: ஸ்கேட் தகடு கத்தி இல்லை. கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர் தடிப்பு. அடியில நீளத்துக்கு ஒரு குழிவு, அந்தக் குழிவுக்கு இரண்டு கரையிலயும் ஒவ்வொரு விளிம்பு. இரண்டும் ஒரே உயரத்தில நிக்கவேணும். மெசினில கல்லின்ர முகத்தை வைரமுனையால உருட்டி, அரை அங்குல ஆரையுள்ள வட்டத்தின்ர துண்டு மாதிரிக் குழிவை எடுப்பினம். ஆரை குறைஞ்சால் (3/8) குழிவு ஆழம், ஐஸை நல்லாக் கடிக்கும், வேகம் குறையும். கூடினால் (5/8) வழுக்கி ஓடும், திரும்பேக்க பிடி காணாது. பாரம் குறைஞ்ச பிள்ளையள் கூடுதலா ஆழமான குழிவைத்தான் விரும்புவினம். இதைவிட நீளப்பாட்டிலயும் ஒரு மெல்லிய வளைவு இருக்கு, 9, 10 அடி ஆரை. சாணைக்கல்லில ஒரு பக்கம் சாய்ச்சுப் பிடிச்சால் இரண்டும் போச்சு.

சரியா இருக்கோ எண்டு பாக்க ஒரு வழி: தகட்டைக் கவிட்டு, விளிம்புகளுக்குக் குறுக்கால ஒரு காசுக்குத்தியை வையுங்கோ. குத்தி சரிஞ்சு நிண்டால் ஒரு விளிம்பு உயரம். அந்தத் தகட்டில குத்தி சரிஞ்சதை நானே பாத்தனான். ஆடாமல் நிக்கிற மேசையில அது ஆடுது.

திருத்தலாமோ? உயரமான விளிம்பைத் தாழ்த்தினால் சமனாகும், ஆனா இரும்பு தேஞ்சுபோகும். தகடு கட்டையானால் சரிஞ்சு வளையேக்க மேல இருக்கிற பிளாஸ்ரிக் பிடி ஐஸில முட்டும், கால் தூக்கி எறியும். தகட்டை மாத்திறதுதான் புத்தி. இப்பத்தைய ஸ்கேட்டில தகட்டை மட்டும் கழட்டலாம், பிடியில ஒரு விசை இருக்கும். பிடியில எழுதியிருக்கிற நீளத்தைப் பாத்து வாங்கவேணும்: 263, 272, 280 எண்டு மில்லிமீற்றரில இருக்கும். கால் அளவைச் சொல்லி வாங்கினால் பிழைச்சுப்போகும்.

துரு வராமல் இருக்க: இறுகின கவர் நடக்க மட்டும். வைக்கேக்க துணிக் கவர். உள்ள நிக்கிற ஈரமும் எங்கட கடற்காத்தும் சேந்தால் துருப்பிடிக்காத இரும்பும் பிடிக்கும். துடைச்சு, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி தடவி, தகட்டைக் கழட்டித் தனியா வையுங்கோ. தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசினாகிக் குழிவில ஊத்தையைப் பிடிச்சு வைக்கும்.

ரியூசன் வாத்தி:

கொக்குவிலானுக்கு. அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயது என்றால் லீக் சம்பளத்தைப் பற்றிக் கதைப்பது நேர விரயம். அவளுடைய உழைப்பு பல்கலைக்கழகப் புலமைப்பரிசில். அதற்கு முன்னால் கனடா வீராங்கனை மேரி-பிலிப் பூலான் மாதிரி 2010, 2014, 2022 என்று மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களில் வெற்றிக் கோல் போடத் தேவையில்லை. பாடங்கள் தேவை.

அமெரிக்காவில் பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் சங்கமான என்.சி.ஏ.ஏ.யின் முதற்பிரிவுக்குப் போக 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும்: ஆங்கிலம் 4, கணிதம் 3, விஞ்ஞானம் 2, சமூகக்கல்வி 2, மிகுதி 5. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பதினாறில் 10 பாடங்கள் 12ஆம் வகுப்புத் தொடங்க முன்னமே முடிய வேண்டும், அதிலும் 7 ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானத்தில். பாடச் சராசரி (4இல்) 2.3க்குக் குறையக் கூடாது. கோல் எவ்வளவு போட்டாலும் இதில் விட்டால் முதல் வருடம் பனியில் இறங்க முடியாமல் போகலாம். கல்யாணம், செத்தவீடு, திருவிழா என்று தவணை நடுவில் பிள்ளையை இரண்டு மாதம் இங்கே கொண்டுவந்து வைப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

10ஆம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை பயிற்றுநர் திருப்பிக் கதைக்கக் கூடாது என்பது விதி. பதில் வரவில்லை என்று அதற்கு முன் பிள்ளையை ஏச வேண்டாம். பிள்ளை எழுதலாம். எழுதும்போது பிறந்த ஆண்டு, இடம், இடக்கையா வலக்கையா, ரீம், வரப்போகும் ஆட்டங்களின் திகதி, ரிங்கின் (ஐஸ் அரங்கின்) பெயர், புள்ளிகள், மூன்று நிமிட வீடியோ. வீடியோவில் ஒவ்வொரு துண்டும் தொடங்கும் முன் பிள்ளை மேல் ஓர் அம்புக்குறி. கோல் மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். டிஃபென்ஸ் பிள்ளை என்றால் தன் மூலையிலிருந்து பக்கை (அடித்து விளையாடும் ரப்பர் வட்டை) எப்படி வெளியே எடுக்கிறாள் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கடிதத்தைப் பிள்ளையே எழுத வேண்டும், தகப்பன் எழுதியதை வாசித்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள். ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் என்.சி.ஏ.ஏ. மூன்றாம் பிரிவும் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் தருவதில்லை, குடும்ப வருமானம் பார்த்து உதவி தருவார்கள். அதையும் விசாரியுங்கள்.

நான் கண்டதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு பிள்ளை ரேப் சுற்றிக்கொண்டே சேதன இரசாயனம் பாடமாக்கினாள். அவ்வளவுதான்.

அரியாலை அக்கா:

வாத்தியார், ஆரும் உங்களிட்டை வகுப்புக் கேட்கேல்லை :)

நல்லூரடி:

போன வருசக் கொடியேத்தம். ஒரு மச்சாள் முறையான பிள்ளை, வந்து நாலு நாள். தவிலும் லவுட்ஸ்பீக்கரும் தொடங்க இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளிமதிலோட குந்தியிட்டாள். வெளிநாட்டுப் பிள்ளை, சத்தம் பழக்கமில்லை எண்டு சனம் சிரிச்சுது. கதை அதில்லை. வெளிக்கிட முந்தின கிழமை ஐஸ் அரங்கைச் சுத்தியிருக்கிற பலகையில தலை அடிபட்டிருக்கு. ஆரிட்டையும் சொல்லேல்லை, சொன்னால் ரீம் தெரிவுக்கு விடமாட்டினம் எண்டு பயம்.

இஞ்ச ஆரோ எழுதுவினம் பெண்களின்ர ஹொக்கியில உடம்பால இடிக்கிறதில்லை, பயமில்லை எண்டு. முதலே சொல்லிப்போடுறன், பிழை. 1990 ஒட்டாவாவில இடிக்க விட்டவை, பேந்துதான் தடை. தடையிருந்தும் தலை அடிபடுது, ஏனெண்டால் இடி எதிர்பாராமல் வரும், தாங்கிற நிலையில உடம்பு இருக்காது. பி.டபிள்யூ.எச்.எல். இல பக்கை எடுக்கிறதுதான் நோக்கம் எண்டால் உடம்பால முட்ட விடுகினம்.

தலை அடிபட்டால் அண்டைக்கே ஆட்டத்துக்குத் திரும்பேலாது. ஒரு நாள், இரண்டு நாள் அடக்கமா இருந்து, பேந்து படி படியா: நடை, மெல்லிய சைக்கிள், தனிய ஸ்கேட்டிங், முட்டுப்படாத பயிற்சி, வைத்தியர் சரியெண்டால் முழுப் பயிற்சி, கடைசியா ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைஞ்சது 24 மணித்தியாலம். தலையிடி கூடினால் ஒரு படி கீழ. வெளிச்சமும் சத்தமும் குத்துதெண்டு பிள்ளை சொன்னால், அல்லது சொல்லாமல் மதிலோட குந்தினால், திருவிழா வேண்டாம், இருட்டறையும் வேண்டாம். வீட்டு விறாந்தை காணும்.

கொக்குவிலான்:

நல்லூரடி, சரி. ஆனா எங்கட பிள்ளை மதிலோட குந்தேல்லை, வேலியை உடைச்சாள். சீமெந்து முத்தத்தில பக் அடிச்சு, தகர வேலி இடி முழங்கினமாதிரி. பக்கத்து வளவுக்காரர் தேங்காய் விழுதெண்டு ஓடிவந்தவர். பக் 170 கிராம் கட்டை ரப்பர், தகரம் நசியாமல் என்ன செய்யும். சீமெந்து ஸ்ரிக்கின்ர நுனியையும் தின்னும். ஒரு ஃபோர்மைக்காப் பலகையை நிலத்தில போட்டு, அதில நிண்டு அடிக்கச் சொல்லுங்கோ. பின்னால பழைய சாக்கு இரட்டையாத் தொங்கட்டும். கை வேகத்துக்கு ரெனிஸ் பந்து போதும்.

இன்னொண்டு. ஸ்ரிக் நீளம் எண்டு இஞ்ச தச்சு ஆசாரியிட்டைக் குடுத்து வெட்டாதேங்கோ. வெறுங்காலோட நிக்கேக்க மூக்குக்கு வந்தால், ஸ்கேட் போட நாடிக்கு வரும், அது சரி. ஸ்ரிக் எவ்வளவு வளையும் எண்ட எண் (ஃபிளெக்ஸ்) பிள்ளையின்ர இறாத்தல் பாரத்தில கிட்டத்தட்ட அரைவாசி: 120 இறாத்தல் எண்டால் 60. மேல இரண்டு அங்குலம் வெட்டினால் இறுகிப்போகும், அடிக்கேக்க வளையாது, பக் எழும்பாது.

பட்டறையடி:

தம்பி, அந்தத் திருநெல்வேலிப் பிள்ளைக்குத் தகடு 272. மார்கழிக்கு ரொறன்ரோவிலயிருந்து ஆர் வாறியள்? ஒரு சோடி கொண்டுவந்தால் காசு கையில தாறம். ஸ்ரிக் கொண்டுவாறது எண்டால் செக்-இன் சாமானோட போடுங்கோ, கையில கொண்டு ஏற விடமாட்டினம். அம்மம்மாவுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. சாணைக்காரர் போன கிழமையும் வந்து, "அந்தச் சப்பாத்துக் கத்தி எப்பிடி, ஆச்சி?" எண்டு கேட்டவராம்.