அம்மா கேட்டதும் அப்பா பாடியதும்

நெசவாளர்மகள்:

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது போன கார்த்திகையில். காலையில் காபி டம்ளர் கை நழுவி விழுந்தது. நான் சென்னையில் இருந்தேன், வீட்டில் அம்மா மட்டும். அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் அண்ணி போனில் போட்டுக் காட்டிய இரண்டு நிமிடத் தமிழ்ப் பேச்சு ஒன்று அவர் காதிலேயே நின்றிருக்கிறது. முகம் கோணுகிறதா, கை தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா, உடனே 108.

"என்னங்க, ரெண்டு கையையும் தூக்குங்க" என்றிருக்கிறார். வலது கை தொப்பென்று இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை சோடா கொண்டு வந்தபோது, புரையேறிவிடும் என்று அம்மா தடுத்துவிட்டார். அதுவும் அந்தப் பேச்சில் கேட்டதுதான்.

மருத்துவமனையில் முதல் கேள்வியே, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதுதான். "பால்காரர் வந்தப்ப நல்லாத்தான் பேசினார். ஆறே கால்." அந்த ஒரு பதிலுக்காக அம்மாவை எத்தனை முறை கட்டிக்கொண்டேனோ! மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு, அடைப்பைக் கரைக்கும் ஊசியை, ஆரம்பித்ததிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். போட்டார்கள்.

உயிருக்கு ஆபத்து நீங்கியது. பேச்சு போய்விட்டது. எதைக் கேட்டாலும் "ஆமா" மட்டும். வேண்டாம் என்பதற்கும் ஆமாதான். வாயில் தப்பான சொல் வந்துவிட்டது என்று தெரிந்து அவரே நெற்றியில் அடித்துக்கொள்வார்.

மார்கழி பிறந்தது. விடிகாலையில் பஜனைக் கோஷ்டி எங்கள் தெருவுக்குள் வந்தது. அப்பா முப்பது வருஷம் ஜால்ரா போட்ட கோஷ்டி. உள்ளேயிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், கட்டிலில் உட்கார்ந்து அடி பிசகாமல், சொல் சொல்லாகப் பாடிக்கொண்டிருக்கிறார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பேச்சுப் பயிற்சியாளர் பொறுமையாக விளக்கினார். பெரும்பாலோருக்குப் பேச்சு இடது மூளையில். பாட்டுக்கு வலது பக்கமும் கைகொடுக்கும். மனப்பாடமான பாட்டு வருவதால் பேச்சே வந்துவிட்டதாக ஆகாது, ஆனால் அந்த வழியாகப் போய்ப் பார்க்கலாம் என்றார். 1973-ல் பாஸ்டனில் உருவாக்கிய முறையாம். நோயாளியின் இடது கையைத் தட்டிக்கொண்டே, உயர்ந்த சுரம் ஒன்று, தாழ்ந்த சுரம் ஒன்று, இரண்டே சுரத்தில் தினசரி வார்த்தைகளை இழுத்துச் சொல்ல வைப்பது. தண்–ணி–வே–ணும். நாலு தட்டு. இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் அவரே தட்டினார், அவரே கேட்டார்.

வைகைக்கரை:

படித்து அழுதுவிட்டேன் அக்கா. எங்கள் வீட்டில் நடந்தது வேறு. ஒரு ராகத்தைத் தினம் கேட்டால் ரத்த அழுத்தம் இறங்கும், மாத்திரையே வேண்டாம் என்று மாமாவுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. நல்ல தமிழ், கனிவான குரல். மாமா நம்பி மாத்திரையை நிறுத்தினார். நாலு மாதத்தில் ஐசியூ. பாட்டு கேட்கும்போது மனசு அமைதியாகும், அழுத்தம் கொஞ்சம் இறங்கவும் செய்யலாம். மாத்திரை செய்யும் வேலையை அது செய்யாது. இப்போது மாமா இரண்டையும் விடுவதில்லை, மாத்திரை போட்டுவிட்டுத்தான் ரேடியோவைத் திருப்புவார்.

செவிவழி:

எனக்குப் பார்வை கிடையாது. உடல்நலத் தகவலைப் படமாகச் செய்து அனுப்பினால் என் போனில் உள்ள திரைவாசிப்பான் "படம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும். அதே வரிகளைக் கீழே எழுத்தாகத் தட்டிவிடுங்கள், போதும். அம்மா கேட்ட அந்தப் பேச்சு இருந்தால் எனக்கும் வேண்டும்.

நெசவாளர்மகள்:

இன்று ராத்திரியே அனுப்புகிறேன் அண்ணா, எழுத்தாகவும் சேர்த்து. தம்பி, மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். இதோ, பக்கத்து அறையில் கட்டில் சட்டத்தில் தட்டும் சத்தம் கேட்கிறது. நாலு தட்டு. சொம்பை எடுத்துக்கொண்டு போகிறேன்.