ஆட் ஃபெல்லோஸ் சங்கத்தின் தோற்றமும் அமைப்பும்

கேள்வி:
அமெரிக்கச் சிற்றூர்களின் பழைய கட்டடங்களில் மூன்று சங்கிலி வளையங்களைப் பொறித்துவைத்திருக்கும் ஆட் ஃபெல்லோஸ் சங்கம் எவ்வாறு தோன்றியது, அதன் நிர்வாகம் எப்படி அமைந்தது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இதன் வேர் இங்கிலாந்தில் உழைப்பாளிகள் நடத்திய பரஸ்பர உதவிச் சங்கங்களில் இருக்கிறது. லண்டனில் பிறந்து பால்டிமோரில் குடியேறிய தாமஸ் வைல்டி, நாளிதழில் விளம்பரம் கொடுத்து ஆள் திரட்டி, 1819 ஏப்ரல் 26 அன்று ஒரு மதுக்கடையில் வேறு நால்வருடன் அமெரிக்கக் கிளையைத் தொடங்கினார். நோயாளிகளைப் பார்ப்பது, துயருற்றோருக்கு உதவுவது, இறந்தவரை அடக்கம் செய்வது, அனாதைகளுக்குக் கல்வி தருவது ஆகியவற்றைக் கடமைகளாக வகுத்துக்கொண்டார்கள். அரசுக் காப்பீடு இல்லாத அக்காலத்தில், சந்தா செலுத்தியவர் படுத்துவிட்டால் வாரந்தோறும் உதவித்தொகை கிடைத்ததுதான் சங்கம் பெருகியதற்கு முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. இரகசியச் சடங்குகளின் கவர்ச்சி அதற்கு அடுத்ததே.

மறுமொழி 2:
அமைப்பு எளிது: ஊர்க் கிளைகள், அவற்றுக்கு மேல் மாநிலப் பெருஞ்சபை, எல்லாவற்றுக்கும் மேல் தலைமைச் சபை. கிளைத் தலைவருக்கு ‘நோபிள் கிராண்ட்’ என்று பெயர். பெண்களுக்கென 1851இல் ரெபெக்கா பிரிவு உருவானது.

மறுமொழி 3:
சகோதரத்துவம் பேசிய இச்சங்கம் கறுப்பின மக்களைச் சேர்க்க மறுத்ததையும் குறிப்பிட வேண்டும். கப்பல் பணியாளரான பீட்டர் ஆக்டன் இங்கிலாந்திலிருந்தே நேரடியாக உரிமப் பத்திரம் பெற்றுவந்ததால், 1843இல் நியூயார்க்கில் அவர்களுக்கான தனிக் கிளை தொடங்கியது.