குடும்ப வன்முறை வழக்கில் மாஜிஸ்திரேட் கேட்ட கேள்வி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டை, சட்டத் தன்னார்வலர்:

11 வருடமாகப் பெண்களோடு கோர்ட்டுக்குத் துணையாகப் போய் வருகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

முக்கூடல் பக்கத்துப் பெண், பீடி சுற்றுகிறவர். அடி தாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் இரண்டும் கணவரிடம். மனு போட்டு முதல் விசாரணை. மாஜிஸ்திரேட் கடுகடுப்பானவர் இல்லை, நல்ல மனிதர்தான். "ஒம்பது வருஷம் இருந்திருக்கீங்க, இப்ப என்னம்மா திடீர்னு?" என்று கேட்டார். அவள் வாயே திறக்கவில்லை. வெளுத்த வேட்டியில் கைகட்டி நின்ற கணவர், "ஐயா, நான் இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருதேன்" என்றார். "பாருங்க, எவ்வளவு இறங்கி வர்றார்" என்று மாஜிஸ்திரேட் சொன்னதும் அவள் தலையாட்டினாள், லேசாகச் சிரிக்கவும் செய்தாள். பேசி முடிக்கட்டும் என்று வாய்தா போட்டார்கள்.

நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். முந்தானை நுனியைப் பீடி இலை மாதிரியே சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தன அவள் விரல்கள். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிந்திருக்காது, அவர் பார்த்தது சிரிப்பை மட்டும்தான். திரும்பும்போது அதே பஸ்ஸில் எங்களுக்குப் பின் சீட்டில் கணவர் வந்து உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் இறங்கும் ஊர் வரை வந்தார். எதற்குச் சிரித்தாய் என்று அப்புறம் கேட்டேன். "சிரிக்கலைன்னா அந்தக் கோவத்தப் பிள்ளையள்ட்ட காட்டுவாவ அக்கா" என்றாள்.

சில மாதத்தில் அந்த மாஜிஸ்திரேட்டுக்கு மாறுதல். அடுத்து வந்த மாஜிஸ்திரேட் அம்மா, கணவர் தரப்பை வெளியே இருக்கச் சொன்னார். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005 சட்டத்தின் பிரிவு 16-இன்படி தனியறையில் விசாரிக்கலாம். ஆனால் அதை யாரும் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எப்போது அடித்தார், எங்கே காயம் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. "பீடிக்கடை பாஸ்புக் உங்க பேர்லதானே இருக்கு, வாரக் கூலிய யாரு வாங்குறா?" என்றார். "அவியதான்." "கடைசியா நீங்க உங்க கையால எண்ணிப் பார்த்தது எப்போ?" அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "மூத்தவ பிறக்குறதுக்கு முந்தி" என்றாள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவளே பேசினாள். போனை வாங்கி வைத்தது, கதவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனது, எல்லாம் வந்தது. பணத்தைப் பிடுங்கி வைப்பதும் வன்முறை என்று அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவே சொல்கிறது. அன்றே இடைக்கால உத்தரவு கிடைத்தது, பிள்ளைகளும் அவளிடம் வந்தார்கள்.

அந்த அம்மா மதுரையில் நீதித்துறைப் பயிற்சிக்குப் போய் வந்தவர் என்று வக்கீல் அப்புறம் சொன்னார். எல்லாமே பயிற்சியால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை யாருக்கும் கற்றுக்கொடுக்கலாம், இல்லையா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

அம்பாசமுத்திரம் பக்கம், வக்கீல்:

நான் இரண்டு தரப்பிலும் ஆஜராகியிருக்கிறேன். கணவருக்காக நிற்கும்போது "சேர்ந்து வாழத் தயார்" என்று ஒரு மெமோ கொடுத்தால் மூன்று வாய்தாவாவது ஓடும். தெரிந்தே கொடுத்திருக்கிறேன், இன்று வருந்துகிறேன். மனு வந்தால் சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் பிரிவு 12. அந்த நாட்களைத் தின்றது எங்கள் மெமோக்கள்தான். ஆலோசனைக்கு அனுப்பினாலும், அடித்ததற்கு நியாயம் சொல்ல எதிர்மனுதாரருக்கு இடமில்லை என்று அந்தச் சட்டத்துக்கான 2006 விதிகளில் இருக்கிறது. நடப்பில் "அவளுக்கு வாய் நீளம்"என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

பயிற்சி கொடுப்பது யாருடைய தயவும் இல்லை. போலீசுக்கும் நீதித்துறையினருக்கும் அவ்வப்போது பயிற்சி தர வேண்டியது அரசின் கடமை என்று அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. பாலியல் தொல்லை கொடுத்தவனைப் பாதிக்கப்பட்ட பெண்ணிடம் ராக்கி கட்டிக்கொள்ளச் சொல்லி ஜாமீன் கொடுத்தார்களே, மத்தியப் பிரதேசத்தில், அந்த நிபந்தனையை 2021 மார்ச்சில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், நீதிபதிகளின் பயிற்சியில் இதெல்லாம் இடம்பெற வேண்டும் என்றும் சொன்னது. 2023-இல் பெண்களைப் பற்றிய தப்பான முன்முடிவுகள் குறித்துக் கையேடே வெளியிட்டது.

எனக்குப் படுவது வேறு. மாஜிஸ்திரேட்டை மட்டும் அனுப்பினால் போதாது. காலையில் ரிமாண்ட், அடிதடி, செக் கேஸ் எல்லாம் முடித்துக் களைத்துப்போன நேரத்தில் இந்தப் பெண்ணைக் கூப்பிட்டால், என்ன படித்திருந்தாலும் அரை மணி நேரம் எங்கே கிடைக்கும்? பெஞ்ச் கிளார்க்குக்கும் எங்களுக்கும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.

வள்ளியூர்:

என் கதை சின்னது. வீடு மாமியார் பேரில். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கோர்ட்டில் முதல் கேள்வியே "வீடு யார் பேர்ல?" என்பதுதான். பதில் சொன்னதும் என் வழக்கு அத்தோடு முடிந்தது போல முகம் மாறியது. வீடு கணவர் பேரில் இல்லாவிட்டாலும் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் இருக்க மனைவி உரிமை கேட்கலாம் என்று 2020-இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் வக்கீல் அந்தத் தீர்ப்பை எடுத்துக் கொடுத்தார். மாஜிஸ்திரேட் வாங்கி வைத்துக்கொண்டு மதியத்துக்கு மேல் மறுபடி கூப்பிட்டார். பென்சிலால் கோடு போட்டிருந்தார். எனக்கு ஒரு அறையும் சமையல்கட்டும் கிடைத்தது. அந்த வக்கீல் கிடைக்காத பெண்கள் என்ன செய்வார்கள் என்று இன்றும் நினைப்பேன்.

இன்னொன்று. உள்ளே பேசுவது பத்து நிமிடம். வெளியே வராந்தாவில் மூன்று மணி நேரம் என் கொழுந்தன்மார் நாலு பேர் எனக்கு எதிரே நின்றார்கள். உள்ளே போகும்போது என் தொண்டை ஏற்கெனவே அடைத்திருந்தது.

பாளையங்கோட்டை, சட்டத் தன்னார்வலர்:

வள்ளியூர்த் தங்கச்சி, நீங்கள் சொன்ன வராந்தாதான் என் மனதிலும் இருக்கிறது. பயிற்சிக்கு வருகிறவர்களை ஒரு காலைப்பொழுது கோட்டு இல்லாமல், யாரென்று சொல்லாமல், ஏதாவது ஒரு கோர்ட் வராந்தா பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் எழுந்து தள்ளிப் போய் உட்காருகிறார்கள், குழந்தை யாரைக் கண்டதும் அழுகையை நிறுத்துகிறது என்று பார்த்தால் போதும்.

முக்கூடல் பெண் எப்படி இருக்கிறாள் என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். பாஸ்புக் அவள் கையில். உத்தரவை மீறிக் கணவர் ஒரு தடவை வாசலில் வந்து கத்தினார், பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்தாள். மீறினால் 1 வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்று அவளுக்கு இப்போது தெரியும். இறுதி உத்தரவு இன்னும் வரவில்லை. அந்த அம்மாவுக்கும் மாறுதல் வந்துவிட்டது. வியாழக்கிழமை வாய்தா, இது மூன்றாவது மாஜிஸ்திரேட். நான் கூடப் போகிறேன்.