இரண்டாங்கட்டு பகல்லயே இருட்டா இருக்கு, கூரையில கண்ணாடி போடலாமா?

தேவகோட்டை பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். தேவகோட்டை பக்கம் எங்க ஐயாவுக்கும் அப்பச்சி, அதாவது தாத்தாவோட அப்பா காலத்து வீடு. முகப்பு, வளவு (முன்கட்டு முற்றமும் அதச் சுத்தின கூடமும்) எல்லாம் அப்படியே இருக்கு, ஆனா அதுக்குப் பின்னால வர்ற இரண்டாங்கட்டு முற்றத்த 1996ல பாகம் பிரிச்சப்ப காங்கிரீட் போட்டு மூடிட்டாங்க. 12க்கு 14 அடி. அதுலேர்ந்து அந்தக் கட்டுல பகல்லயே லைட் போட்டாத்தான் ஆள் முகம் தெரியும். போன வாரம் போயிருந்தப்ப அப்பத்தா சொளகுல அரிசிய எடுத்துக்கிட்டு செவுத்தப் புடிச்சு புடிச்சு முன்கட்டுக்கு நடந்து வந்து வளவு முற்றத்தோரமா உக்காந்து கல்லு பொறுக்குறாங்க, 84 வயசு, ரெண்டு கண்ணும் ஆபரேஷன் பண்ணது, ஏன் அப்பத்தா இவ்வளவு தூரம்னு கேட்டா "அங்க அரிசியும் கல்லும் ஒண்ணாத்தாம்பா தெரியுது"ன்னாங்க. மனசு கேக்கல. காங்கிரீட்டுல 4க்கு 4 அடி ஓட்டை போட்டு மேல படுக்கையா கண்ணாடி வச்சிடலாம்னு நினைக்கிறேன். மேல மொட்டமாடியில சித்தப்பா வீட்டு ஆளுங்க துணி, வத்தல் காயப்போடுவாங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிக்கணும். போட்டவங்க யாராச்சும் சொல்லுங்க.

கோட்டையூர்க்காரன்:
தம்பி, அவசரப்படாதீங்க. நாங்க முற்றத்துக்கு மேல பாலிகார்பனேட் ஷீட் போட்டோம், மொத மாசம் நல்லாத்தான் இருந்துச்சு, பங்குனி வந்துச்சு பாருங்க, மத்தியானம் 12 மணியிலேர்ந்து 3 மணி வரைக்கும் அந்தப் பக்கமே கால் வைக்க முடியல, தரையில வச்ச சில்வர் சொம்பு கையில புடிக்க முடியாத சூடு. முன்னாடி அனல் மேல ஏறி வெளிய போயிரும், இப்ப ஷீட்டுக்கு அடியிலயே முட்டிக்கிட்டு நிக்குது. நாலு வருசத்துல மஞ்சள் பூத்துப்போச்சு. ஸ்க்ரூவுக்கு வச்ச ரப்பர் வாசர் வெடிச்சு அது வழியா ஒழுகி, தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லு மேல வெள்ளை வெள்ளையா திட்டு படிஞ்சிருக்கு, தேங்காயெண்ணெய் போட்டு எத்தன தடவ தொடச்சாலும் போகல. மழை பேஞ்சா சத்தத்துல பக்கத்துல இருக்கறவங்க பேசுறது கேக்காது. போன வருசம் கழட்டிட்டு பழையபடி இரும்புக் கிராதி மட்டும் விட்டுட்டோம்.

பள்ளத்தூர் மருமகள்:
எங்க அடுப்படி சாய்ப்பு ஓட்டுக்கூரை, அதுல சீமை ஓடு அளவுலயே வர்ற கண்ணாடி ஓடு மூணு மாத்தினோம், ஒரே நாள் வேலை. காலையில ஒன்பது மணிக்கு அம்மிக்கு மேல விழுற வெளிச்சம் பதினோரு மணிக்கு தொட்டிகிட்ட வந்துரும், பகல்ல லைட்டே போடுறதில்ல. அடுப்புப் புகை படிஞ்சு மங்கும், அதனால ஆறு மாசத்துக்கு ஒருக்கா உள்பக்கம் தொடைக்கணும். உங்களுக்கு காங்கிரீட்டுன்னா இது ஆகாது, ஆனா பக்கத்துல ஓட்டுச் சாய்ப்பு ஏதாச்சும் இருந்தா மொதல்ல அத செஞ்சு பாருங்க.

காரைக்குடி சிவில்:
தம்பி, படுக்கையா கண்ணாடி வைக்கவே வேணாம், கோட்டையூர் அண்ணன் பட்டதத்தான் நீங்களும் படுவீங்க. கணக்கு சொல்றேன். உச்சி வெயில்ல ஒரு சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 1000 வாட் சூடு இறங்கும். நீங்க சொல்ற 16 சதுர அடி ஒன்றரை சதுர மீட்டர். சாதா கண்ணாடி அதுல முக்கால்வாசிக்கு மேல உள்ள விட்டுரும், அதாவது ஒரு அயர்ன் பாக்ஸ நடுக்கூடத்துல ஆன் பண்ணி வச்சுட்டுப் போன மாதிரி. பொதுவா தரை அளவுல நூத்துக்கு அஞ்சு பங்கு திறப்பு இருந்தா போதும்பாங்க, உங்க 168 சதுர அடிக்கு எட்டு சதுர அடிதான் வருது.

இன்னொண்ணு, வடக்குப் பக்கம் கண்ணாடி வச்சா வெயிலே வராதுன்னு நெட்ல போட்டிருப்பான், அது குளிர் நாட்டுக் கணக்கு. நாம இருக்கறது பூமத்தியரேகைக்கு வடக்கால 10 டிகிரியில. சித்திரை பொறந்த உடனே சூரியன் நம்ம தலைக்கு நேரா வந்து, அப்புறம் ஆவணி வரைக்கும் மத்தியானத்துல வடக்காலதான் நிக்கும். ஆனா ரொம்ப உயரத்துல நிக்கறதால ஒரு அடி சன்ஷேட் நீட்டினாலே தடுத்துடலாம். மார்கழியில தெக்கால சாஞ்சு வரும், அப்பவும் மத்தியானத்துல அந்த ஒரு அடி சன்ஷேட் ஒன்றரை அடி உயரக் கண்ணாடிய மறைச்சிடும்.

அதனால நடுவுல 2க்கு 4 அடி மட்டும் திறந்து, சுத்தி முக்கால் அடிக்கு சின்ன செவுரு எழுப்பி, அதுக்கு மேல வடக்கு தெக்கு ரெண்டு பக்கமும் ஒன்றரை அடிக்கு நிமிந்த கண்ணாடி, கிழக்கு மேற்கு அடைச்சிடுங்க, மேல சன்ஷேடோட காங்கிரீட் மூடி. கூண்டு மாதிரி. துணி காயப்போட வர்றவங்க தெரியாம கண்ணாடி மேல கால வைக்கிற பயம் இல்ல, மயில் வந்து குதிச்சாலும் கவலை இல்ல. கண்ணாடிக்கு மேல ஒரு கோடு லூவர் (காத்து போற மாதிரி சாஞ்ச பட்டைங்க) வச்சு கொசுவலை அடிங்க, அனல் வெளிய போயிரும். கண்ணாடி லேமினேட்டட்தான் வாங்கணும், டஃபன்ட் (சூடு குடுத்து கெட்டியாக்கின கண்ணாடி) மட்டும் போட்டா உடைஞ்சா பொலபொலன்னு கீழ கொட்டும், லேமினேட்டட் நடுவுல இருக்கற ஷீட்டுல ஒட்டிக்கிட்டு நிக்கும். கூண்டு உள்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு அடிங்க, பளபளப்பு பெயின்ட் வேணாம், கண்ணு கூசும்.

முக்கியமா சொல்றேன், ஸ்லாப் நடுவுல கம்பிய அறுக்குறது சாதாரண விசயம் இல்ல. அடியில 12 அடி பக்கமா ரெண்டு இரும்பு ஐ பீம் குடுத்து முட்டுக் கொடுத்துட்டுத்தான் கட்டர் வைக்கணும், சம்மட்டியால அடிக்கவே விடாதீங்க. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர் நேர்ல வந்து பாக்காம கொத்தனார் பேச்ச மட்டும் கேட்டு இறங்காதீங்க.

தேவகோட்டை பேரன்:
அண்ணே, இவ்வளவு விவரமா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. சித்தப்பாகிட்ட பேசிட்டேன், கூண்டுன்னா சரி, நடக்க இடம் இருக்குமேன்னு ஒத்துக்கிட்டாங்க. இன்ஜினியர் ஞாயித்துக்கிழமை வர்றாரு. அப்பத்தா மட்டும் ஒண்ணு கேட்டாங்க. முன்னாடி மழை பேஞ்சா முற்றத்து நாலு மூலையிலயும் அண்டா வச்சு தண்ணி புடிப்பாங்களாம், அது இனி வருமான்னு.

காரைக்குடி சிவில்:
வரும் தம்பி. கூண்டு மூடிக்கு வடகிழக்கு மூலையில லேசா வாட்டம் குடுத்து, அங்கேர்ந்து ரெண்டு இன்ச் பைப் ஒண்ண செவுரோரமா முற்றத்துக்குள்ளயே இறக்குங்க. மூடி சின்னதுதான், நாலு மூலைக்கும் பத்தாது, ஆனா அடை மழையில ஒரு அண்டா நெறையும். பைப் வாய தரையிலேர்ந்து மூணு அடி உயரத்துல நிறுத்தச் சொல்லுங்க, அப்பத்தா குனியாம பாத்திரம் வைக்கலாம்.