பொல்யூஷன் போர்டு கன்சென்ட்: கன்சல்டன்ட் வச்சு வாங்குனவங்க அனுபவத்த எழுதுங்க

நொய்யல்கரை, திருப்பூர்:
சாயப்பட்டறை, வாஷிங், டேனரி (தோல் பதனிடற எடம்)னு தண்ணி சம்பந்தப்பட்ட தொழில்ல இருக்கறவங்க எல்லாம் கன்சென்ட்டுக்கு, அதான் தொழில் நடத்த பொல்யூஷன் போர்டு குடுக்கற அனுமதிக்கு, யாரையாச்சும் வச்சிருப்பீங்க, அவங்களோட எப்படிப் போச்சுன்னு உள்ளது உள்ளபடி எழுதுங்க, புதுசா தொழிலுக்கு வர்ற பசங்களுக்கு உதவியா இருக்கும். நானே ஆரம்பிக்கறேன்.

எங்களுது அப்பா காலத்துப் பட்டறைங்க. 2011 ஜனவரி 28 ஹைகோர்ட் ஆர்டர்ல ஊர்ல இருந்த அத்தன சாயப்பட்டறையும் சிஇடிபியும் (பல பட்டறைக் கழிவுத் தண்ணிய ஒண்ணா சுத்தம் பண்ற பிளான்ட்டு) மூடி கரண்ட்டப் புடுங்குனாங்க இல்ல, எங்களுதும் அதுல ஒண்ணு. ஒரத்துப்பாளையம் டேம்ல தேங்கி நின்ன சாயத் தண்ணியப் பாத்தவங்களுக்கு அந்த ஆர்டர் ஏன் வந்துச்சுன்னு யாரும் சொல்ல வேண்டியதில்ல. கீழ இருந்த வெவசாயிங்க கேஸ் போட்டதுல முழு நியாயம் இருந்துச்சு, அத நான் எங்கயும் மறைக்காம சொல்லுவேன்.

திரும்ப ஓட்டறதுக்கு ஒரு கன்சல்டன்ட்டப் புடிச்சோம், அவரு வந்ததும் ஆபீஸ்ல உக்காரல, நேரா உள்ள போய் சாயம் போடற ஒவ்வொரு சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கிட்டயும் நின்னு எத்தன கிலோ லோடு, லிக்கர் ரேஷியோ (ஒரு கிலோ துணிக்கு எத்தன லிட்டர் தண்ணி) என்ன, ஒரு பேட்ச்சுக்கு எத்தன பாத் (எத்தன தடவ தண்ணி மாத்துறது), சாதா உப்பா சோடியம் சல்ஃபேட்டான்னு மாஸ்டர்கிட்ட கேட்டுக் கேட்டு நோட்டுல எழுதிட்டே வந்தாரு. ஒண்ணுக்கு ஆறு ரேஷியோ, எட்டு பாத்துன்னா கிலோவுக்கு 48 லிட்டர், நாளைக்கு ஆயிரம் கிலோ ஓட்டுனா 48 கேஎல்டி (நாளைக்கு 48 ஆயிரம் லிட்டர்), அப்ளிகேஷன்ல 20னு போட்டா ஃபீஸ் ஒண்ணும் பெருசாக் கொறையாது (ஃபீஸ் நம்ம முதலீட்டு மதிப்ப வச்சுத்தான, அதுக்குத்தான் ஆடிட்டர் சர்டிபிகேட் கேக்கறாங்க), ஆனா நாளைக்கு ஃப்ளோ மீட்டரே உங்களக் காட்டிக் குடுத்துரும்னாரு. அந்தக் கணக்க வச்சுத்தான் ஆர்ஓ (தண்ணில இருந்து உப்பப் பிரிக்கற ஃபில்டர்), எவாபரேட்டர் (மிச்சத் தண்ணியக் காய்ச்சி ஆவியாக்கற மெஷின்) சைஸு எல்லாமே முடிவாச்சு. முன்னாடி வேற ஒருத்தர் வந்து பேன் கார்டும் பத்திரமும் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போனாரு, அவர வச்சிருந்தா எவாபரேட்டர் பாதி சைஸுல நின்னிருக்கும், ஆர்ஓல ஒதுங்குற ரிஜெக்ட் தண்ணிய எங்க கொண்டு போய் வச்சிருப்போம்னு இன்னிக்கும் நெனச்சுப் பாக்கறேன்.

தோல்ஷாப், ஆம்பூர்:
அண்ணே சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. எங்க பக்கம் 1996 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல இருந்தே, அதான் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் கேஸ், கெடுத்தவன்தான் காசு குடுக்கணும்ங்கறது எல்லாருக்கும் தெரியும். பாலாத்துல கை வச்சா என்ன ஆகும்னு பாத்த ஊரு இது.

நான் ஒரு டேனரில ஈடிபி (கழிவுத் தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்டு) பாத்துக்கறேன். எங்க முதலாளி பாய் ஒரு மேடத்த கன்சல்டன்ட்டா கூட்டிட்டு வந்தாரு. அந்த மேடம் காலைல ஷிப்ட் ஆரம்பிக்கறப்பவே வந்துட்டாங்க, தோல ஊறப்போடற பிட்டுல இருந்து டிரம் வரைக்கும் கூட நடந்தாங்க. பச்சத் தோலு கெட்டுப் போகாம இருக்க உப்பு போட்டுத்தான வருது, அந்த உப்பு மொத்தமும் ஊறப்போடற சோக் தண்ணிலதான் எறங்குது, அதப் போய் மத்த தண்ணியோட கலந்துட்டா அப்புறம் டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட அளவு) 2100க்குக் கீழ கொண்டு வர நீங்க எத்தன லட்சம் போட்டாலும் பத்தாதுன்னு சொல்லி, ஊறப்போடறதுக்கு முன்னாடியே தோல உதறி உப்பக் கொட்டி எடுக்கச் சொன்னாங்க, சோக் லைன தனியாப் பிரிச்சு சோலார் பானுக்கு (வெயில்ல காய வைக்கற தொட்டி) விடச் சொன்னாங்க, தோல் பதனிடற குரோம் தண்ணிக்கு வேற லைனு. பாய்க்கு முதல்ல செலவுன்னு முகம் சுண்டிருச்சு. ஆனா ரிப்போர்ட்ல நம்பரு எறங்குறதப் பாத்ததும் அவரே வர்றவங்க எல்லாருக்கும் உதறுற எடத்தக் காட்ட ஆரம்பிச்சிட்டாரு.

இன்னொண்ணு, குரோம் ஸ்லட்ஜ் (குரோம் தண்ணில தங்குற சகதி) ஹசார்டஸ் வேஸ்ட்டு, அதாவது ஆபத்தான கழிவு. 90 நாளுக்கு மேல ஷெட்டுல வைக்கக் கூடாது, வெளிய அனுப்பறப்ப ஃபார்ம் 10 மேனிஃபெஸ்ட் (கழிவோட கூடப் போற சீட்டு) போடணும், வருஷா வருஷம் ஜூன் 30க்குள்ள ஃபார்ம் 4 (வருஷக் கணக்கு) குடுக்கணும். மேடம் இத ஷெட்டு சுவத்துலயே பெயின்ட்ல எழுத வச்சாங்க. ஃபைல்ல இருந்தா நீங்க பாக்க மாட்டீங்க தம்பின்னாங்க.

பவர்டேபிள், அவினாசி:
எனக்கு நடந்தது வேற மாதிரிங்க. வெறும் கட்டிங், தையல், அயர்னிங் மட்டும், சாயமும் இல்ல வாஷிங்கும் இல்ல. மாசு அளவ வச்சு தொழில கலர் கலராப் பிரிச்சிருக்காங்க, 2016 பட்டியல்ல டிரை ப்ராசஸ் பனியன் யூனிட் வெள்ளை கேட்டகிரி, கன்சென்ட்டே தேவையில்ல, போர்டுக்குத் தெரிவிச்சாப் போதும். எனக்கு வந்த ஆளு அத வாயே தெறக்காம மாசு அதிகமான ஆரஞ்ச்னு சொல்லி அதுக்கேத்த சார்ஜ் கேட்டாரு. மச்சான் தான் லிஸ்ட்ட எடுத்துக் காட்டினாரு. காசு குடுக்கறதுக்கு முன்னாடி உங்க தொழில் எந்தக் கலருன்னு நீங்களே ஒரு தடவ பாத்துருங்க, பட்டியல மாத்திட்டே இருக்காங்க, அன்னைக்கு என்ன இருக்கோ அதப் பாருங்க.

பவானிக்காரன்:
எடம் வாங்கப் போறவங்க இதக் கண்டிப்பாப் படிங்க. பவானி ஆத்துப் பக்கம் ரோட்டு மேல எடம், வெல கம்மி, போர்ல தண்ணி, எல்லாம் சரியா இருந்துச்சு, பிராசசிங் யூனிட் போடலாம்னு அட்வான்ஸ் குடுக்கற கட்டத்துல இருந்தோம். கூட வந்த கன்சல்டன்ட் அண்ணன் போன்ல மேப்ப எடுத்து ஆத்துல இருந்து தூரத்த அளந்துட்டு, வேண்டாங்க, எந்திரிங்கன்னாரு. 1989ல ஒரு அரசாணை இருக்கு, ஜி.ஓ. 213, ஆறு குளத்துல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள இந்த மாதிரி தொழில் வரக் கூடாதுன்னு, 1998ல ஜி.ஓ. 127 வந்து காவேரிக்கும் அதோட கிளை ஆறுங்களுக்கும் 5 கிலோமீட்டர்னு ஆக்கிட்டாங்க. பவானி காவேரில சேர்ற ஆறு. எடத்துக்காரரு இத எங்க சொல்லப் போறாரு? அந்த அண்ணனுக்கு அன்னைக்கு அப்ளிகேஷன் வேலை ஒண்ணும் கெடைக்கல, ஆனா அப்புறம் வேற எடத்துல நாங்க போட்ட யூனிட்டுக்கு அவர விட்டா யாரையும் கூப்புடல.

ஃபைல்காரன், கோவை:
நான் இந்த கன்சல்டன்ட் வேலையே பாக்கறவன், அதனால எங்க பக்கத்தையும் கொஞ்சம் சொல்றேன். ஓனருங்க எங்ககிட்ட மறைக்கறதுதான் பெரிய தலவலி. ரெண்டு போர் இருந்தா ஒண்ணுன்னு சொல்லுவாங்க, புதுசா எறங்குன மெஷின லே அவுட்ல காட்ட மாட்டாங்க. கன்சென்ட் ஆர்டர எடுத்துப் பாருங்க, எந்தப் பொருள் மாசத்துக்கு எவ்ளோ, தண்ணி எவ்ளோ, புகைபோக்கி எத்தன, எல்லாம் அதுல இருக்கும். அதத் தாண்டி ஒரு மெஷின் போட்டாலே விரிவாக்கத்துக்குத் தனியா வாங்கணும். கையெழுத்து உங்களுது, நோட்டீஸ் வந்தாலும் உங்க பேருக்குத்தான் வரும், அதனால நாங்க எழுதுனத வரி வரியாப் படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க, புரியாதத போன் போட்டுக் கேளுங்க, நல்ல கன்சல்டன்ட் யாரும் அதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க. செப்டம்பர் 30க்குள்ள ஃபார்ம் 5 என்விரான்மென்ட் ஸ்டேட்மென்ட் குடுக்கணும்ங்கறதையும் பாதிப் பேரு மறந்துடறாங்க.

பவர்டேபிள், அவினாசி:
அண்ணா ஒரு டவுட்டு, எங்க ஜென்செட்டு 100 கேவிஏ, புகைக்குழாய் எவ்ளோ ஒசரம் இருக்கணும்?

ஃபைல்காரன், கோவை:
கேவிஏவோட வர்க்கமூலத்த 0.2ஆல பெருக்குங்க, வர்றத ஜென்செட் இருக்கற கட்டடத்தோட ஒசரத்தோட கூட்டுங்க. 100க்கு வர்க்கமூலம் 10, அப்ப 2 மீட்டர், கூரைக்கு மேல 2 மீட்டர் ஏத்திருங்க. பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் அந்த ஒசரத்துல இருந்துச்சுன்னா இன்னும் கொஞ்சம் ஏத்துங்க தம்பி, அங்க கொழந்தைங்க இருப்பாங்க.