ஜெர்மன் பழஞ்சொற்கள்: மனப்பாடம் செய்யணுமா, பார்த்தால் புரிந்தால் போதுமா?

பாதிவழி_பி2
ஜெர்மன் மொழி பி2 (இடைநிலை) தேர்வுக்குப் படிக்கிறவர் கிரிம் சகோதரர்களின் கதைகளை 1857 பதிப்பில் எடுத்தால், பக்கத்துக்குப் பக்கம் டூடன் அகராதி 'ஃபெர்ஆல்டெட்' (வழக்கொழிந்தது) என்று முத்திரை குத்திய சொற்கள் வருகின்றன. இவற்றையும் மனப்பாட அட்டையில் (ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள்) எழுதிப் படிக்கணுமா, தாண்டிப் போகலாமா?

நேர்பாதை
தாண்டிப் போங்க. நேரம் வீணாவது சின்ன விஷயம், அந்தச் சொல் வாயில் வந்துவிடும் என்பதுதான் பெரிய விஷயம். சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையின் முதல் வரியிலேயே அவள் 'சின்ன இனிய டிர்னெ'. அன்று டிர்னெ என்றால் சிறுமி, இன்று விலைமாது. அட்டையில் 'டிர்னெ = பெண்பிள்ளை' என்று எழுதிப் படித்தவர் பக்கத்து வீட்டுக் குழந்தையை அப்படிச் சொன்னால் என்ன ஆகும்?

'ஃப்ராய்லைன்' இன்னொன்று. மணமாகாத பெண்ணை அழைக்கும் இந்தச் சொல்லை மேற்கு ஜெர்மனி 1970களின் தொடக்கத்திலேயே அலுவலக வழக்கிலிருந்து எடுத்துவிட்டது. பெயரோடு சேர்த்துச் சொல்ல எந்த வயதுக்கும் 'ஃப்ராவ்'. உணவகத்தில் பரிமாறுகிறவரைக் கூப்பிட 'என்ட்ஷுல்டிகுங்' (மன்னிக்கணும்) போதும்.

அகராதிப்பித்து
உங்க உதாரணமே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுது. டிர்னெயின் பழைய பொருள் தெரியாதவர் இன்றைய அகராதியை வைத்துக்கொண்டு அந்தக் கதையைப் பிரித்தால் முதல் வரியிலேயே எல்லாம் கந்தல்.

'ஸின்டெமால்' (ஏனெனில்), 'வைலாண்ட்' (முன்னாளில்) மாதிரி முகத்திலேயே கிழடு தெரியும் சொற்களால் ஆபத்தில்லை. தெரியாது, தேடுவோம், கிடைக்கும். ஏமாற்றுவது வேறு வகை: இன்றும் உயிரோடு இருந்து, பொருளை மட்டும் மாற்றிக்கொண்டவை. 'மெர்க்வ்யூர்டிக்' என்றால் இப்போது விசித்திரமானது. 18ஆம் நூற்றாண்டு நூலில் வந்தால் கவனிக்கத் தக்கது. மார்ட்டின் லூதர் ஜெர்மனில் பெயர்த்த விவிலியத்தின் பழைய பதிப்பில் நவோமி தன் இரண்டு 'ஷ்னூர்'களோடு கிளம்புவாள். இன்றைய அகராதியில் ஷ்னூர் என்றால் கயிறு. அங்கே அது மருமகள்.

இன்னும் மோசம் 'பில்லிக்'. இன்று 'மலிவு'. அதற்கு முன் 'நியாயமான'. அந்தப் பழைய பொருள் நூலகத்தில் தூங்கவில்லை. 1900 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் உரிமையியல் சட்டத்தொகுப்பின் 315ஆம் பிரிவில் இன்றும் வேலை செய்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு தானே எதையாவது நிர்ணயிக்கலாம் என்றிருந்தால், சந்தேகம் வரும்போது அது 'பில்லிகெஸ் எர்மெஸன்' படி, அதாவது நியாயமான மதிப்பீட்டின்படி நிர்ணயிக்கணும். இதை 'மலிவான மதிப்பீடு' என்று பெயர்த்தால் ஒப்பந்தமே தலைகீழ்.

ஸூரிச்_நடைமேடை
நேர்பாதை அண்ணை, எந்த ஊரில வழக்கொழிஞ்சது எண்டும் சொல்லுங்கோ. ரயில் நடைமேடைக்கு 'பெரோன்', பயணச்சீட்டுக்கு 'பில்லெட்', நடத்துநருக்கு 'கோன்டுக்டோர்'. ஜெர்மனியில இதெல்லாம் தாத்தா காலத்துச் சொல். இஞ்ச சுவிஸில இண்டைக்கும் அதுதான் சொல்லுவினம்.

அங்க தானாச் சாகேல்லை, கொன்டவை. 1870களில தபால் துறைத் தலைவர் ஹைன்ரிஷ் ஃபோன் ஷ்டெஃபான் நூற்றுக்கணக்கான பிரெஞ்சுச் சொல்லுகளை எடுத்துப்போட்டு ஜெர்மன் சொல்லு வச்சார். பிறகு பிரஷ்ய ரயில்வேயில ஓட்டோ ஸராட்ஸின் பெரோனை 'பான்ஷ்டைக்' ஆக்கினார், பெட்டி அறைக்கு இருந்த 'கூபே'யை 'ஆப்டைல்' ஆக்கினார். சுவிஸுக்கு அந்த உத்தரவு செல்லாதுதானே.

நேர்பாதை
தம்பி, அது வட்டார வழக்கு, பழஞ்சொல் இல்லை. டூடனே 'சுவிஸ் வழக்கு' என்று தனி முத்திரை போடுகிறது. இரண்டையும் குழப்பினால் விவாதமே நடக்காது. இன்னொரு முத்திரையையும் கவனிக்கணும்: 'ஃபெர்ஆல்டென்ட்'. கடைசி எழுத்துதான் கொஞ்சம் வேறு, பொருள் நிறைய வேறு. 'ஃபெர்ஆல்டெட்' இன்றைய வழக்கிலேயே இல்லை. இது வயதானவர்கள் வாயில் இன்னும் இருப்பது. இரண்டாவதைப் படிக்கலாம் என்று நானும் ஒத்துக்கொள்வேன்.

சந்தேகம் வந்தால் பெர்லின்-பிராண்டன்பர்க் அகாதமியின் டிடபிள்யூடிஎஸ் (DWDS) இணைய அகராதித் தளத்தில் சொல்லை அடித்து, காலவாரிப் பயன்பாட்டுக் கோட்டைப் பாருங்க. 1850க்கு அப்புறம் தரையில் படுத்துவிட்டால் அட்டையில் ஏற்றவேண்டாம். இவ்வளவுதான் விதி.

அகராதிப்பித்து
அந்தக் கோட்டை நம்பித்தான் பலர் குழியில் விழுகிறார்கள். அது எழுத்தை எண்ணும், பொருளை எண்ணாது. 'பாஸெ' (அத்தை, பிறகு ஒன்றுவிட்ட சகோதரி) என்று தேடினால், வேதியியலில் அமிலத்துக்கு எதிரான காரமும் அதே எழுத்துதான். கோடு ஜம்மென்று நிற்கும். வசந்தத்துக்கான 'லென்ட்ஸ்' குடும்பப் பெயரும்கூட. சொல் செத்தாலும் ஆட்கள் செய்தியில் வருவார்கள்.

தேடுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். பழைய அச்சில் கண்ட வடிவத்தை அப்படியே அடித்தால் பாதிச் சொல் கிடைக்காது. முதலில் எழுத்தைச் சரி பண்ணுங்க: T-க்குப் பின் h நின்றால் (Thal பள்ளத்தாக்கு, Thür கதவு, That செயல்) அந்த h-ஐத் தூக்குங்க. 1901 எழுத்து ஒழுங்கில் போனது அது. 'தெயாட்டர்', 'த்ரோன்' போன்ற கிரேக்க வழிச் சொற்களில் மட்டும் கை வைக்காதீங்க. 'இருத்தல்' என்ற வினை y-யோடு (seyn) வந்தால் i போடுங்க (sein). பழைய அச்சின் நீண்ட எஸ்ஸை (ſ) வருடி (ஸ்கேனர்) எஃப் என்றே படிக்கும். பொருளே வராத சொல் எதிர்ப்பட்டால் முதல் சந்தேகம் அங்கேதான். அதற்குப் பிறகும் கிடைக்காவிட்டால் கிரிம் அகராதி, 1838இல் தொடங்கி 1961இல் முடிந்ததே, அது. அதில் பெயர்ச்சொல்லும் சின்ன எழுத்தில்தான் இருக்கும், 'ஷ்ட்ராஸெ'யில் (தெரு) கூர் எஸ் (ß) இருக்குமிடத்தில் எஸ்-இஸட் (sz).

கயல்_பெயர்ப்பு
இதெல்லாம் வாசிப்புக்கு. எழுதுவதற்கு ஒரு கேள்வி: தமிழ்க் கதையை ஜெர்மனில் பெயர்க்கும்போது தாய்மாமனுக்கு என்ன போடுவது? இன்று 'ஒங்கெல்' ஒன்றுதான். அது பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும். ஆனால் பழைய ஜெர்மனில் நம்மைப் போலவே பிரித்தார்கள்: தாயின் சகோதரன் 'ஓஹைம்', தந்தையின் சகோதரன் 'ஃபெட்டர்', தாயின் சகோதரி 'மூமெ', தந்தையின் சகோதரி 'பாஸெ'. பிரெஞ்சிலிருந்து 'ஒங்கெல்', 'டான்டெ' வந்து நான்கையும் இரண்டாக்கிவிட்டன. அச்சாகப் பொருந்தும் சொல் இருக்கும்போது ஓஹைமை எடுத்துப் போட்டால் என்ன தப்பு?

நேர்பாதை
தப்புதான், அக்கா. அச்சாகப் பொருந்தியது இடைக்காலத்தில். 13ஆம் நூற்றாண்டின் 'பார்ட்சிவால்' காவியத்தில் துறவி ட்ரெவ்ரிட்சென்ட் நாயகனுக்கு ஓஹைம், சொந்தத் தாய்மாமன். ஆனால் 18ஆம் நூற்றாண்டுக்கு வரும்போது ஓஹைம் என்றால் எந்த மாமாவும், சித்தப்பாவும். ஃபெட்டரும் ஒன்றுவிட்ட சகோதரன் ஆகிவிட்டான். நீங்கள் நினைக்கும் துல்லியம் இன்றைய ஜெர்மன் வாசகர் காதில் விழாது. விழுவது கோட்டையும் குதிரையும்தான். காதுகுத்துக்குச் சீர் கொண்டுவரும் மாமனுக்குக் கவசம் மாட்டிவிட்ட மாதிரி ஆகும்.

கயல்_பெயர்ப்பு
'தாய்வழி ஒங்கெல்' என்று வரிக்கு வரி எழுதினால் சொத்துப் பத்திரம் மாதிரி இருக்கிறதே.

அகராதிப்பித்து
வரிக்கு வரி எதுக்கு? முதல் முறை 'என் அம்மாவின் தம்பி' என்று வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிட்டு, அப்புறம் 'மாமன்' என்றே ஜெர்மன் எழுத்தில் விடுங்க. விளிப்பிலும் அதுவே. ஓஹைம் விஷயத்தில் நேர்பாதை சொல்றது சரி. மத்ததில் இல்லை.

பாதிவழி_பி2
அப்போ அட்டையில் 'டிர்னெ' ஏறும், ஆனால் முன்பக்கம் ஜெர்மன், பின்பக்கம் தமிழ் மட்டும். தமிழிலிருந்து ஜெர்மனுக்குப் போகும் மறு அட்டை கிடையாது. வாசிக்கும்போது புரியும், வாயில் வராது. இதில் யாருக்காவது ஆட்சேபம்?

நேர்பாதை
'டிர்ன்டல்' உடைக்கு மட்டும் இரண்டு பக்கமும் போடுங்க. அந்த டிர்னெயிலிருந்து வந்ததுதான், ம்யூனிக் கடையில் கேட்டு வாங்க வேண்டிவரும்.